கண்ணைப் பிடுங்கிய கதை உண்மையா?

மாஸ்கோ புனித பசில் பேராலயத்தின் படத்தோடு வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது: இதுபோல இன்னொன்று எழக்கூடாது என்று மன்னர் நான்காம் இவான், கட்டிய சிற்பியின் கண்களைப் பிடுங்கினாராம்.

அதற்குச் சமகால ஆதாரம் இல்லை. 1555–1561இல் கட்டப்பட்ட இக்கோயிலைக் கட்டியவராகச் சொல்லப்படும் சிற்பி போஸ்ட்னிக் யாகவ்லெவின் பெயர், அதன் பிறகு ரஷ்யாவின் கசான் நகரக் கோட்டைப் பணிகளிலும் வருகிறது. கண்ணிழந்தவரால் அது முடியுமா? தாஜ்மகால் தொழிலாளர்களின் கையை வெட்டியதாகச் சொல்வதும் இதே ரகம்தான்.

படத்தில் மின்னும் வண்ணங்களும் அன்றைக்கு இல்லை; முதலில் செங்கல் சிவப்பும் வெள்ளையும்தான். நடுக்கோபுரத்தைச் சுற்றி எட்டுச் சிற்றாலயங்கள். ஒரு குவிமாடம் முறுக்குக் கோடு, இன்னொன்று முள்முள்ளாக. எவ்வளவு அழகு!

இப்போது இது ரஷ்ய அரசு வரலாற்று அருங்காட்சியகத்தின் கிளை. அதன் இணையதளத்தில் வரலாற்றைச் சரிபார்க்கலாம். அந்த வாட்ஸ்அப் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.