நம்மட ஆறுதானே, இதப் பாக்கவும் சல்லி குடுக்கிறதா?

எங்கட மட்டக்களப்பு ஒபிஸுக்கு பதுளையிலருந்து மாற்றலாகி வந்த தங்கச்சி ஒராள் இரிக்கா. தேயிலைத் தோட்டத்துல பொறந்து வளந்த புள்ள, மலையேறுறதெண்டா அவவுக்கு நாம சந்தைக்குப் போய்வாற மாதிரி. வந்து ரெண்டாம் மாசம் "அக்கா ஊரச் சுத்திக் காட்டுங்களேன்" எண்டு கேட்டா. கல்லடியில பொறந்தவள் எண்ட தெம்புல நானும் ஸ்கூட்டிய எடுத்தன். காந்தி பூங்கா, அங்கால கோட்டை, பழைய பாலத்துல ரெண்டு செல்ஃபி, கடக்கரை, ஆளுக்கொரு ஐஸ்கிறீம். மணியப் பாத்தா பதினொண்டே கால். எனக்குத் தெரிஞ்ச மட்டக்களப்பு அவ்வளவுதான், முடிஞ்சிது.

திரும்பி வரக்குள்ள தங்கச்சி பாலத்துக் கம்பியப் புடிச்சிக்கிட்டு கீழ பாத்தா. "அக்கா, நீங்க இந்த ஆத்துக்குள்ள போயிருக்கீங்களா?"

போயிருக்கன் எண்டு வாய் வந்திச்சி, மறுகா யோசிச்சன். மண்டூர்க் கோயிலுக்குப் போறதுக்கு குருமண்வெளியில பாதை ஏறியிருக்கன் (வெளியூர் ஆக்களுக்கு: மோட்டர்சைக்கிளையும் ஆக்களையும் ஏத்திக்கிட்டு அக்கரைக்குப் போற அந்த மிதவைக்கு எங்கட பக்கம் பேரே பாதைதான்). ஆனா அது அக்கரைக்குப் போறது, ஆத்தப் பாக்கப் போறதில்லயே. நாங்க ஆறு எண்டு சொல்லுறது 56 கிலோமீற்றர் நீளமான வாவி, சூரியன் எழும்புற எழுவான்கரை, படுற படுவான்கரை எண்டு எங்கட ஊரையே ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்கிறது அதுதான், என்ட வீட்டுப் படலையிலருந்து பாத்தா தெரியுது, நாப்பத்திமூணு வயசுல ஒருக்காவும் சும்மா பாக்கிறதுக்கெண்டு அதுல தோணியேறினதில்ல. அவவுக்கு முன்னால சரியான வெக்கமாப் போச்சிது.

அடுத்த ஞாயித்துக்கிழமை விடியக்காலம பாலமீன்மடு வெளிச்சவீட்டடிக்குப் போனம். 1913ல கட்டினது அது, 28 மீற்றர் உயரம், அதுக்குக் கீழ நிண்டு படம் எடுக்காத ஆளில்ல, ஆனா அதுக்குப் பின்னால போற கண்ணாக் காட்டுக்குள்ள (உப்புத்தண்ணிச் சேத்துல வளருற சதுப்புக் காடு) என்ன இரிக்கெண்டு கேட்டா எங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியா. தோணிக்காரர் வயசான மனுசன், முப்பது வருசத்துக்கு மேல இந்த ஆத்துல வல வீசினவர். நான் மாமா எண்டு கூப்பிட்டன், அவர் எங்க எல்லாரையும் புள்ள எண்டார். கொஞ்சத் தூரம் போனதும் மோட்டர நிப்பாட்டிப் போட்டு கோலால ஊண்டத் தொடங்கினார். அதுக்குப் பிறகுதான் காது திறந்த மாதிரி இரிந்திச்சி. தண்ணி தோணியில படுற சத்தம், எங்கயோ ஒரு மீன்கொத்தி, அவ்வளவுதான். என்ட மகன் கூட போனப் பைக்குள்ள வச்சிட்டான், அது ஒரு அதிசயம்.

வாய்க்கால் ஒடுங்கி கொப்புகள் தலையில முட்டுற இடத்துல நான் கைய நீட்டி ஒரு கொப்ப விலக்கப் போக, மாமா சத்தம் போட்டார். "புள்ள அதத் தொடாதங்க, அது தில்லை! பால் கண்ணுல பட்டா பார்வை போயிரும்." தில்லைய எனக்குத் தேவாரத்துலதான் தெரியும். மரத்தப் பாத்ததில்ல. அதே இலை, அதே பச்ச, பக்கத்துல நிக்கிற கண்ணாவுக்கும் அதுக்கும் எனக்கு வித்தியாசமே விளங்கல்ல. மறுகா அவர் கோலால சேத்துக்குள்ள நிக்கிற வேரக் காட்டினார், விரல் விரலா மேல நீட்டிக்கிட்டு நிக்கிது, சேத்துக்குள்ள காத்து இல்லாததால மரம் அதாலதான் மூச்செடுக்கிதாம். அந்த வேருக்க கையள்ளித் தண்ணி எடுத்துக் காட்டினார், கண்ணாடித் துண்டு மாதிரி றால் குஞ்சு ரெண்டு மூணு துள்ளுது. "இதுகள் ஒளிஞ்சி வளருற இடம் புள்ள இது. இத வெட்டி நிரப்பிப்போட்டு ஆத்துல றால் இல்ல எண்டு அழுறாங்க." நாலு பந்தி கட்டுரைய விட அந்தக் கையளவு தண்ணி என்ட மகனுக்கு விளங்கிச்சி. அதுக்கிடையில பதுளைத் தங்கச்சி "மாமா அந்தக் கட்ட அசையுதே" எண்டு கேக்க, "ஓம், அது கட்டையில்ல" எண்டு அவர் சும்மா சொல்லிப்போட்டு தோணியத் திருப்பினார். முதலை. நாங்க அஞ்சு பேரும் கால மடிச்சிக்கிட்டு இரிந்த இரிப்ப நீங்க பாத்திருக்கணும்.

ரெண்டரை மணித்தியாலம். அஞ்சு பேருக்கும் சேத்து அஞ்சாயிரம் ரூவா.

வீட்ட வந்து சொன்னா எங்கட வீட்டுக்காரர் கேக்கிறார், "அஞ்சாயிரமா? நம்மட ஆத்தப் பாக்கிறதுக்கா?" இதே மனுசன்தான் போன வருசம் பாசிக்குடாவுல ஒரு ஹோட்டல்ல பகல் பஃபே எண்டு பதினெட்டாயிரம் குடுத்துப்போட்டு, கோழிக்கறி வீட்டுக்கறி மாதிரி வரல்ல எண்டு வழி நெடுக சொல்லிக்கிட்டு வந்தவர்.

இதத்தான் நான் சொல்ல வந்தது. நம்மட ஊர்தானே, நமக்கு எவன் என்னத்தக் காட்டுறது எண்ட ஒரு கெப்பர் எங்களுக்கு இரிக்கி. வழிகாட்டி எண்டா அது வெள்ளக்காரனுக்கு எண்டு நினைப்பு. ஊர் நம்மடதுதான், ஆனா அறிவு நம்மட்ட இல்லயே. அது அந்தத் தோணிக்காரர்ட்ட இரிக்கி, அவர் அத முப்பது வருசமா வெயிலுக்க நிண்டு சேத்து வச்சவர், அதுக்குச் சல்லி குடுக்கிறதுல என்ன குறைஞ்சி போயிரும்? பொத்துவில்லயும் மீன்புடிக்கிற ஆக்கள்தான் களப்புக்குள்ள ஊண்டிக்கிட்டுப் போய்க் காட்டுறாங்க, யானை தண்ணிக்கு வாறத தோணியிலருந்தே பாக்கலாம். அறுகம்பேக்கு வாற சேர்ஃபிங் பொடியன்கள் வரிசையா ஏறுறாங்க. எங்கட ஆக்கள் கரையில நிண்டு பிரியாணிப் பார்சல அவிழ்க்கிறாங்க.

அதுவும், வழிகாட்டியோட நடக்கிறது எங்களுக்குப் புதுசா என்ன? எங்கட அம்மம்மா மூணு தரம் கதிர்காமத்துக்குக் காட்டுவழியால நடந்தவ. உகந்தை முருகன் கோயில்ல கும்பிட்டுப்போட்டு குமண காட்டுக்குள்ள இறங்கி, குமுக்கன், நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் எண்டு அவ சொல்லுற வரிசை எனக்கு இன்னும் பாடம். வேல் புடிச்சிக்கிட்டு முன்னால போற சாமிதான் எல்லாம். எங்க மணலத் தோண்டினா நல்ல தண்ணி வரும், எந்த மரத்தடியில படுக்கலாம், யானை நிண்டா என்ன செய்யிற, எல்லாம் அவர் சொல்லித்தான். அவர் நில் எண்டா நூறு பேரும் நிக்கிற, அவர் சொல்லாம ஒருத்தரும் தண்ணியில கால் வைக்கேலா. அம்மம்மா அந்தப் பயணத்துல பக்திய விட காட்டப் பத்தித்தான் கூடக் கதைப்பா எண்டது வேற கதை. இப்பவும் வருசத்துல கொடியேத்தத்த ஒட்டிக் கொஞ்ச நாளைக்குத்தான் அந்தப் பாதை திறக்கிற, அதுக்குள்ள போற சனத்தப் பாருங்க. அதே சனம் மத்த நாளையில ஒரு வழிகாட்டியக் கூட்டிக்கிட்டு ஒரு மைல் நடக்காது.

ஒரு குறையும் சொல்லணும். ரெண்டு வருசத்துக்கு முதல் மாமியையும் கூட்டிக்கிட்டு இங்கினியாகலைப் பக்கம் போனம், சேனாநாயக்க சமுத்திரத்துல போட் சஃபாரி. கல் ஓயாவ மறிச்சுக் கட்டின பெரிய குளம் அது, சுத்தியுள்ள காடு 1954லருந்து கல் ஓயா தேசிய பூங்கா. தீவுக்குத் தீவு யானை நீந்திப் போறதப் பாக்கலாம், தும்பிக்கைய மட்டும் மேல தூக்கிக்கிட்டு, நாங்க போன அண்டைக்கு ரெண்டு யானை போச்சிது, மாமி கையெடுத்துக் கும்பிட்டுட்டா. எல்லாம் சோக்கு. ஆனா கூட வந்த வழிகாட்டித் தம்பி நல்ல பொடியன், சிங்களமும் இங்கிலீசும் மட்டுந்தான். நான்தான் மாமிக்கு மொழிபெயர்த்தது, எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல யானையத் தவிர குருவிகளெல்லாம் பேரில்லாமலே பறந்து போச்சிது. அவர் கல் ஓயா கல் ஓயா எண்டு சொல்லச் சொல்ல மாமி என்ட காதுக்குள்ள, "இது நம்மட பட்டிப்பளை ஆறெல்லோகா?" அந்த ஆத்துத் தண்ணியிலதான் அம்பாறை வயலெல்லாம் விளையுது, அந்த வயல்ல வேலை செஞ்ச குடும்பத்துப் புள்ளைகள் எத்தின பேர் தமிழ்ல இந்தக் கதையச் சொல்லலாம், படிச்சிட்டு வேலை இல்லாம இரிக்கிற பொடியன்களும் பொட்டைகளும் எங்கட ஒழுங்கையிலயே ஏழெட்டுப் பேர். பயிற்சி குடுத்து எடுத்தா என்ன?

மற்றது, சனம் வரட்டும் எண்டு சொல்லப் பயமாவும் இரிக்கி. உன்னிச்சைக் குளக்கட்டுல ஒரு நீண்ட வார விடுமுறைக்குப் பிறகு போய்ப் பாருங்க, பொலித்தீன், போத்தல், ரெஜிஃபோம் பெட்டி. சவுண்ட் பொக்ஸ் கொண்டு வாறவனுக்கு குளமும் ஒண்டுதான், கல்யாண மண்டபமும் ஒண்டுதான். அது போக, நீந்தத் தெரியாம குடிச்சிப்போட்டு இறங்குற கதை வருசா வருசம். இடம் தெரிஞ்ச ஆள் ஒராள் கூட நிண்டா இதுல பாதி நடக்காது, மாமா எங்கட தோணியில மகன் டொபித்தாள கீழ போட்டதுக்கு ஒண்டும் சொல்லல்ல, குனிஞ்சி எடுத்து அவன்ட சேட் பொக்கட்டுக்குள்ளயே வச்சார். அவன் முகத்தப் பாக்கணுமே.

சரி, விசயத்துக்கு வாறன். கரைக்கு வந்தப்போ மாமாட்ட பாடுமீன் பத்திக் கேட்டன். பேருதான் மீன்பாடும் தேன்நாடு, ஆனா தண்ணிக்குள்ளருந்து வாற அந்தப் பாட்ட நான் கேட்டதில்ல. அவர் சிரிச்சார். காத்து விழுந்த நிலவு ராவுல, பாலத்தடியில தோணிய நிப்பாட்டி, துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு மத்தப் பக்கத்துல காது வைக்கணுமாம். பாடுறது மீனோ ஊரியோ (சிப்பி, நத்தை மாதிரி), அவருக்கும் தெரியாதாம், ஆனா கேக்குமாம். முந்தி சுகமாக் கேட்டதாம், இப்ப ரெண்டு பாலத்துலயும் வாகனம், ஆக்கள், வெளிச்சம், அதால பதினொரு மணிக்குப் பிறகு வாங்க எண்டார்.

வாற பௌர்ணமிக்கு மழை இல்லாட்டிப் போறம். நான், மகன், பதுளைத் தங்கச்சி, இத வாசிச்சிப்போட்டு முறைச்சிக்கிட்டு இரிக்கிற எங்கட வீட்டுக்காரர். தோணியில இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இரிக்கி. ஆளுக்கு ஆயிரம். லைஃப் ஜாக்கெட் போட மாட்டன் எண்டா வராதங்க, பாட்டுப் பெட்டியோட வந்தா மாமாவே இறக்கி விட்டிருவார்.