24 மணி நேர ரத்து எல்லா டிக்கெட்டுக்கும் கிடையாது
மலிவான பிசினஸ் கிளாஸ் கட்டணம் கண்ணில் பட்டால் உடனே புக் செய்யலாம், எந்த டிக்கெட்டானாலும் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பி வரும் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லைங்க. அது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி. அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து கிளம்பும், அந்த நாட்டுக்குள்ளேயே பறக்கும் விமானங்களுக்கு மட்டும்தான். புறப்பட 7 நாளாவது இருக்க வேண்டும், ஏர்லைனிடமே நேரடியாக வாங்கியிருக்க வேண்டும். பணம் கட்டாமலே 24 மணி நேரம் அதே விலையில் டிக்கெட்டைப் பிடித்து வைக்கவிடும் ஏர்லைன், இந்த இலவச ரத்தைத் தர வேண்டிய கட்டாயமும் இல்லை. லண்டன்–டோக்கியோ டிக்கெட்டுக்கு இந்த விதி செல்லாது. லட்சக்கணக்கில் போகிற பணம், தயவுசெய்து கட்டுவதற்கு முன்பே கட்டண விதிகளைத் திறந்து ரத்துப் பகுதியைப் படித்துவிடுங்கள். அமெரிக்கப் பயணமென்றால் ஏர்லைன் தளத்தில் ‘கஸ்டமர் சர்வீஸ் பிளான்’ (பயணிகளுக்கு ஏர்லைன் எழுத்தில் தரும் உறுதிமொழி) என்று தேடுங்கள், இலவச ரத்தா, பிடித்து வைப்பதா என்று அதிலேயே எழுதியிருக்கும்.