ஈ.ஆர்.பி. வெறும் கணக்கு மென்பொருள் இல்லை

"ஈ.ஆர்.பி. என்பது பெரிய கம்பெனிகளின் கணக்கு மென்பொருள்தான், டேலி தெரிந்தால் போதும்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். வேலை தேடும் பிள்ளைகள் இதை நம்பிவிடக் கூடாது. ஈ.ஆர்.பி. என்பது கொள்முதல், ஸ்டோர், உற்பத்தி, கணக்கு என ஒரு நிறுவனத்தின் வேலைகளையெல்லாம் ஒன்றாக இணைக்கும் மென்பொருள்.

அதன் வேர் உற்பத்திக் கூடத்தில் இருக்கிறது. 1960களில் ஜோசப் ஆர்லிக்கி வகுத்த எம்.ஆர்.பி., அதாவது மூலப்பொருள் தேவைத் திட்டமிடல், படிப்படியாக விரிந்தது. அப்படி விரிந்ததற்கு ஈ.ஆர்.பி. என்ற பெயரை 1990இல் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் வைத்தது.

அம்பத்தூரில் நான் பார்க்கும் வேலையையே சொல்கிறேன். 500 பம்புக்கு ஆர்டர். ஒன்றுக்கு 4 போல்ட், மொத்தம் 2,000. ஸ்டோரில் 600, வர வேண்டியது 400. மீதி 1,000 போல்ட்டுக்கு என்றைக்கு ஆர்டர் போட வேண்டும் என்பதை, சப்ளையர் எடுக்கும் நாட்களைக் கழித்து சிஸ்டம் சொல்லும். சரி, வந்திறங்கிய பெட்டிக்கு ஜி.ஆர்.என்., அதாவது சரக்கு வந்து சேர்ந்ததற்கான பதிவு, போட மறந்தால்? போல்ட் ரேக்கில் இருக்கும், திரையில் இருக்காது. உற்பத்தி லைனுக்கு போல்ட் பற்றாக்குறை என்று சிஸ்டம் காட்டும். பர்ச்சேஸில் இருப்பவர் சப்ளையருக்குப் போன் மேல் போன் போடுவார்.

டேலி வீண் என்று சொல்லவில்லை, நிதிப் பகுதி புரிய நிச்சயம் உதவும். ஆனால் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள் முதலில் ஒரு பொருளின் பி.ஓ.எம்.மை, அதாவது அதற்கு எந்தப் பாகம் எத்தனை வேண்டும் என்ற பட்டியலை, காகிதத்தில் எழுதிப் பாருங்கள். அப்புறம் திரைக்குப் போகலாம்.