எம்சிபி வீக்காம், கேட்டீங்களா?

"எம்சிபி வீக்கா இருக்கு சார். 32 ஆம்ப்ஸ் போட்டுட்டா ட்ரிப்பே ஆகாது."

சொன்னது எங்க எலக்ட்ரீஷியன். எம்சிபின்னா, லோடு கூடினா தானா விழுந்து கரண்டை நிறுத்துற சுவிட்ச். எப்படி இருக்கு? கிச்சனை இடிச்சு, சுவர் வெறும் செங்கல்லா நின்னப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்: அண்ணே, மேடைக்கு மேல எக்ஸ்ட்ரா ப்ளக் பாயிண்ட் வேணும், எம்சிபி இருக்குற டிபி பாக்ஸ்ல இருந்து தனி லைன் இழுங்க, தடிமனா 4 ஸ்கொயர் வயர் போடுங்க. "பண்ணிடலாம் சார்"னு தலையாட்டினார். அந்தத் தலையாட்டலோட லட்சணம் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.

டைல்ஸ் ஒட்டி எல்லாம் முடிஞ்சப்புறம் இன்டக்ஷன், கெட்டில், மைக்ரோவேவ் மூணையும் போட்டோம். கொஞ்ச நேரத்துல டப். தூக்கிவிட்டா மறுபடியும் டப். ஆளைக் கூப்பிட்டேன். வந்தார். டிபி பாக்ஸைத் திறந்தார். உத்துப் பார்த்தார். எம்சிபியை விரலால ஒரு சுண்டு. "ம்ம்." இன்னொரு சுண்டு. பின்னாடி நகர்ந்து நின்னு தலையைச் சாய்ச்சு ஒரு பார்வை. அப்புறம்தான் அந்தத் திருவாய் மலர்ந்தது.

ப்ளக் பிளேட்டைக் கழட்டச் சொன்னேன். தனி லைனாவது மண்ணாவது! பக்கத்து லைட் போர்டுல இருந்து 1.5 ஸ்கொயர் வயர்ல லூப் அடிச்சு, வரிசையா 3 சாக்கெட். மூணும் ஓடினா 4700 வாட். 230 வோல்ட்ல 20 ஆம்ப்ஸுக்கு மேல இழுக்கும். 10 ஆம்ப்ஸ் எம்சிபி விழாம என்னய்யா பண்ணும்? வயர் கருகக் கூடாதுன்னுதானே அது விழுது! 32 போட்டா அது பாட்டுக்கு நிம்மதியா இருக்கும், சுவருக்குள்ள வயர் வேகும். குரைக்குதேன்னு நாயை விரட்டிட்டுத் தூங்கப் போற கதை.

"எர்த் எங்கண்ணே?" டெர்மினல் காலி. ஸ்க்ரூல டிரைவர் பட்ட கீறல்கூட இல்ல, புதுசு மாறாம பளபளன்னு இருக்கு. "அது எப்பவாவதுதான் தேவைப்படும் சார்." கரெக்ட். கெட்டில் பாடியில கரண்ட் ஏறி, நான் சிங்க் பக்கத்துல ஈரக் கையோட அதைத் தொடுற அந்த எப்பவாவது! கரண்ட் கசிஞ்சா உடனே விழுந்து ஆளைக் காப்பாத்துற சுவிட்ச், 30 மில்லியாம்ப்ஸ் ஆர்சிசிபி இருக்கான்னு கேட்டேன். "சும்மா சும்மா விழும் சார், தொல்லை." மனுஷனுக்கு எது விழுந்தாலும் ஆகாது, நான் விழுந்தா மட்டும் பரவாயில்ல.

இப்போ டைல்ஸை உடைக்கணுமாம். உடைச்சா அதே டிசைன் கிடைக்காதாம். இல்லன்னா சுவர் மேலயே வயரை மூடுற பிளாஸ்டிக் கேசிங் ஓட்டிடலாமாம், "லுக்கா இருக்கும் சார்." சிரிச்சுட்டேன், வேற என்ன செய்ய?

அதை விடுங்க. அலமாரி செஞ்ச புண்ணியவான் எங்க? ஃப்ரிட்ஜைத் திறந்தா டிராயரை இழுக்க முடியல, டிராயரை இழுத்தா ஃப்ரிட்ஜைத் திறக்க முடியல. அந்த ஆளு ஃபோனையும் எடுக்க மாட்டேங்குறாரு!