மண்ணுல புதைச்ச தாழியும் எங்கம்மாவும்

ஜார்ஜியா நாட்டுல ஒயின் பண்ற வீட்டுக்குப் போயிட்டு வந்தோம்னு சொன்னதும் சொந்தக்காரங்கள்ல பாதிப்பேருக்கு மூஞ்சி மாறிடுச்சு, அதுவும் அம்மாவையுமா கூட்டிட்டுப் போனன்னு ஒரு கேள்வி. ஆமா, அம்மாவையும் கூட்டிட்டுத்தான் போனேன். ரெண்டு மாசமா எழுதணும் எழுதணும்னு நெனச்சது, நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். குடியை நான் தூக்கிப்பிடிக்க வரல. எங்க சித்தப்பா குடிச்சுக் குடிச்சே 44 வயசுல போய்ச் சேர்ந்தவரு, சித்தி பட்டபாட்டை பக்கத்துல இருந்து பாத்தவ நான். நம்ம ஊர்ல ஒயின்னாலே ஒயின்ஷாப்புதான், கம்பிக்குள்ள கைய நீட்டி வாங்குற இடம், பொம்பளைங்க அந்தப் பக்கம் திரும்பாம வேகமா நடக்குற இடம். அதனால பொண்ணு "அம்மா, ககேத்தி போலாம், திராட்சைத் தோட்டம் பாக்கலாம்"னு சொன்னப்ப எனக்கு மனசே இல்ல. ககேத்தின்னா ஜார்ஜியாவுல திராட்சைக்கும் ஒயினுக்கும் பேர்போன பகுதி.

பொண்ணு ஜார்ஜியா தலைநகர் திபிலிசில மெடிசின் படிக்கிறா. நம்ம பக்கத்துப் பிள்ளைங்க ஏகப்பட்ட பேரு ஜார்ஜியாவுல படிக்கிறது உங்களுக்கே தெரியும். செப்டம்பர் கடைசில நானும் அம்மாவும் அவளைப் பாக்கப் போனோம். அம்மாவுக்கு 71, ரெண்டு முழங்காலும் தேஞ்சு போச்சு, படின்னா பயம். ஆனா கம்பம் பள்ளத்தாக்குல திராட்சைப் பந்தலுக்குக் கீழயே வளந்து, கல்யாணம் ஆகியும் பந்தலுக்குக் கீழயே வேலை செஞ்சவங்க. திராட்சைன்னதும் கெளம்பிட்டாங்க.

மொத நாள் போன இடம் பெருசு, பேரு வேணாம். கண்ணாடி ஹால், வரிசையா கிளாஸ், ஒரு பையன் மனப்பாடம் பண்ணதை இங்கிலீஷ்ல ஒப்பிச்சான். பாதாள அறைக்கு முப்பது படி எறங்கணும், அம்மா மேலயே உக்காந்துட்டாங்க. அவங்க எதையும் குடிக்கல, எதையும் பாக்கல, ஆனா டிக்கெட் முழுசா வாங்கிட்டாங்க. ஒரு வாய் திராட்சை ஜூஸ் இருக்கான்னு கேட்டா இல்லைன்னுட்டாங்க. சுத்தி ஏக்கர் கணக்குல திராட்சை தொங்குது, குடிக்காத ஒரு பாட்டிக்கு ஒரு டம்ளர் சாறு இல்ல. எனக்கு ரொம்ப வருத்தமா போச்சு.

மறுநாள் சிக்நாகி பக்கம் ஒரு கிராமத்து வீடு, பொண்ணோட ஹவுஸ் ஓனருக்கு உறவு. போர்டு எதுவும் இல்ல, இரும்பு கேட்டு, உள்ள ஒரு நாய், கோழிங்க, துணி காயுது. அங்க ர்த்வேலி நடந்துட்டு இருந்துச்சு, ர்த்வேலின்னா திராட்சை அறுப்பு, செப்டம்பர் அக்டோபர்ல சொந்தபந்தமெல்லாம் ஊருக்கு வந்து கூடுவாங்க, நம்ம பொங்கல் மாதிரின்னு வச்சுக்குங்க. அந்த வீட்டுப் பாட்டி, அங்க பெபியான்னு சொல்வாங்க, அம்மா நடக்குறதைப் பாத்த உடனே ஒரு வார்த்தை பேசாம சமையல்கட்டுல இருந்து நாற்காலியைத் தூக்கிட்டு வந்து போட்டாங்க. அந்த நாற்காலி அன்னைக்குப் பூரா அம்மா கூடவே சுத்துச்சு, தோட்டத்துக்கு, களத்துக்கு, சாப்பாட்டு மேஜைக்கு, யாராவது ஒருத்தர் கேக்காமலே தூக்கிட்டு வந்துட்டே இருந்தாங்க.

பெபியாவோட பேரப்பையன் தன் அப்பாவை "மாமா மாமா"ன்னு கூப்பிட, அம்மா ரொம்ப நேரம் அவரு தாய்மாமன்னே நெனச்சுட்டு இருந்தாங்க. ஜார்ஜியன்ல அப்பாவுக்குத்தான் மாமான்னு பேரு, அம்மாவுக்கு தெதா.

தோட்டத்துல அம்மா கைல ஒரு கத்திரியக் குடுத்தாங்க. நான் பாத்துட்டே இருந்தேன். அம்மா கொத்தைத் தொடவே இல்ல, காம்பை ரெண்டு விரல்ல பிடிச்சு, வெட்டி, பழத்து மேல இருக்குற வெள்ளைப் பூச்சு அழியாம அப்படியே வாளில எறக்கி வச்சாங்க. பூச்சு அழிஞ்சா வெல கொறையும், அம்பது வருஷப் பழக்கம். பக்கத்துல எல்லாரும் சட்டு சட்டுனு வெட்டிப் போட்டுட்டு இருக்காங்க, எப்படியும் நசுக்கத்தானே போகுது. பெபியா மட்டும் நின்னு அம்மா கையையே பாத்தாங்க, அப்புறம் தன் கைய அம்மா கை பக்கத்துல வச்சுக் காட்டினாங்க, ரெண்டு கைலயும் அதே எடத்துல காய்ப்பு.

அதுக்கப்புறம் பொண்ணு அரைகுறையா மொழிபெயர்க்க, ரெண்டு கெழவிங்களும் பேசின பேச்சு இருக்கே! கவாத்து, அதாவது கொடியை வெட்டி விடுறது, எப்ப பண்ணுவீங்க, பந்தல் ஏன் போடல, கம்பில ஏன் நேரா ஏத்துறீங்க. "வருசத்துக்கு ஒரே வெள்ளாமையா?"ன்னு அம்மாவுக்கு ஆச்சரியம், அங்க பனிக்காலம் பூரா கொடி தூங்கும், நம்ம பக்கம் மாத்தி மாத்திக் கவாத்து பண்ணி வருசம் பூரா காய்க்க வைக்கிறோம்னதும் பெபியாவுக்கு அதைவிட ஆச்சரியம். சபெராவின்னு ஒரு ரகம், அம்மா ஒரு பழத்தை நசுக்கினதும் கையெல்லாம் செவப்பு. நம்ம பன்னீர் திராட்சைல தோல்தான் கறுப்பு, சதை வெளுப்பு, இதுல சதையே செவப்பு. அந்தப் பேருக்கே சாயம் ஏத்துறதுன்னுதான் அர்த்தமாம்.

அப்புறம் மரானி, ஒயின் பண்ற எடம். படியே இல்ல! பானையெல்லாம் தரைக்குள்ள புதைஞ்சு கெடக்கு, வாய் மட்டும் தரை மட்டத்துல வட்டமா தெரியுது, அதனால நாம நேரா நடந்து உள்ள போயிடலாம். வாசல்ல ஒரு சின்ன மேடு, அதுக்கும் பலகை போட்டாங்க. அந்தப் பானைக்கு க்வேவ்ரின்னு பேரு, உள்பக்கம் தேன்மெழுகு பூசுவாங்க, ஆளே உள்ள எறங்குற அளவுக்குப் பெருசும் உண்டு. அம்மா பாத்த உடனே "இது தாழிடி"ன்னாங்க. நமக்கு ஆதிச்சநல்லூர்த் தாழி ஞாபகம் வராம இருக்குமா? நிலத்துல புதைச்சுப் பழுத்த தேறல்னு, அதாவது தெளிஞ்ச கள்ளுன்னு, சங்கப்பாட்டுலயே வருது. அங்க அந்த வேலை இன்னும் வீட்டுக்கு வீடு நடக்குது. 2017-ல வந்த ஆராய்ச்சில, திபிலிசிக்குத் தெக்க கெடச்ச பானை ஓட்டுல கி.மு. 6000 வாக்குலயே திராட்சை ஒயின் இருந்த தடயம் இருக்குன்னு சொன்னாங்க. க்வேவ்ரி முறையை 2013-ல யுனெஸ்கோவும் பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேத்துருச்சு.

சாறு, தோலு, கொட்டை எல்லாம் சேத்து உள்ள ஊத்துறாங்க, ஈஸ்ட் தனியா போடல, பழத்தோட வர்றதே போதுமாம். "நாம இட்லிமாவுக்கு ஈஸ்டா போடுறோம்"னாங்க அம்மா. புளிக்கிற நாள்ல தோலு மேல மேல எழும்பும், ஒரு நாளைக்குப் பல தடவை கட்டையால அமுக்கி விடணும். அம்மா குனிய முடியாம குனிஞ்சு பானை வாய்ல கைய நீட்டினாங்க, கதகதன்னு சூடு, உள்ள இருந்து மழை தூறுற மாதிரி ஒரு சத்தம்.

மத்தியானம் சாப்பாட்டுல அம்மாவுக்கு அப்பப் பிழிஞ்ச சாறு, எங்களுக்குச் சின்ன கிண்ணத்துல ஒயின். நான் ரெண்டு வாய்தான் குடிச்சேன், யாரும் இன்னும் குடின்னு வற்புறுத்தல. மேஜைக்குப் பெரியவர் ஒருத்தர், தமதான்னு பேரு, அவர் எழுந்து நின்னு பேசி முடிச்சாத்தான் எல்லாரும் கிளாஸைத் தூக்கறாங்க. செத்துப்போனவங்களுக்காக ஒருதடவை, அம்மாமார்களுக்காக ஒருதடவை. எங்கம்மாவைப் பாத்து, ரொம்ப தூரத்துல இருந்து வந்த திராட்சைக்காரிக்காகன்னு சொன்னாரு, பொண்ணு அதை மொழிபெயர்க்கும்போதே அழுதுட்டா. என் வயசுல ஒரு தடவைகூட நம்ம ஊர்ல குடிக்கிற எடத்துல ஒரு பொம்பளைக்கு, அவ செஞ்ச வேலைக்கு, இப்படி எழுந்து நின்னு மரியாதை பண்ணி நான் பாத்ததில்ல. எனக்கு சித்தி ஞாபகம் வந்துருச்சு.

2006-ல ரஷ்யா இவங்க ஒயினை வாங்க மாட்டேன்னு தடை போட்டதைப் பத்தியும் சொன்னாரு, 2013 வரைக்கும் அந்தத் தடை, அந்த வருசங்கள்ல பழம் விக்க முடியாம கெடந்துச்சாம். அம்மாவுக்கு மொழிபெயர்க்கவே தேவைப்படல. வெல விழுந்து, கமிஷன் கடைக்காரர் போனை எடுக்காம, பழத்தை ரோட்டோரம் கொட்டின நாளெல்லாம் எங்க வீட்லயும் உண்டு.

இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன். எங்க கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கெடச்சுது, சந்தோஷம். ஆனா தேக்கடி போற கார்க்காரங்க பந்தலுக்குக் கீழ நின்னு செல்ஃபி எடுத்துட்டு, ஒரு கிலோ வாங்கிட்டுப் போயிடறாங்க. கவாத்துன்னா என்னன்னு யாரும் கேக்கறதில்ல, நாமளும் சொல்றதில்ல. ஒயினே வேணாங்க, நமக்கு அது ஒத்துவராது, லைசென்ஸ் இல்லாம வீட்ல பண்ண சட்டமும் விடாது. ஜூஸ் இருக்கு, ஒலர்ந்த திராட்சை இருக்கு, அங்க வால்நட்டை நூல்ல கோத்து காய்ச்சின திராட்சைச் சாறுல முக்கி சுர்ச்கேலான்னு தொங்க விடறாங்களே, அந்த மாதிரி ஏதாவது செய்யலாம். வர்றவங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு, கைல ஒரு கத்திரி குடுத்து, எங்கம்மா மாதிரி ஒருத்தங்க காம்பை எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக்குடுத்தா காசு குடுத்தே வருவாங்க. பேங்க் லோனும் கண்ணாடி ஹாலும் வேணாம், வீட்டுக்காரங்களே பேசணும், அது போதும்னு எனக்குத் தோணுது.

அன்னைக்கு எங்ககிட்ட சாப்பாட்டுக்கு மட்டும்தான் காசு வாங்கினாங்க. அம்மா பறிச்ச பழம் போன தாழியை மூடியாச்சு, கல்லு வச்சு சுத்திக் களிமண் பூசின போட்டோவைப் பொண்ணு அனுப்பிச்சா. வசந்தத்துல தொறக்கும்போது அவளை வரச் சொல்லியிருக்காங்க. அம்மா ஒரு சொட்டு குடிக்கப் போறதில்ல, ஆனா ஒவ்வொரு வீடியோ கால்லயும் பேத்தி சாப்பிட்டாளான்னு கேக்குறதுக்கு முன்னாடி "ஏத்தா, தாழியத் தொறந்துட்டாங்களா?"ன்னுதான் கேக்கறாங்க.