ரப்பர் பட்டையும் வெர்னியர் காலிப்பரும்

வகுப்பில் தூங்குகிற பையனை எழுப்பி வெளியே நிறுத்துவதில் ஒரு காலத்தில் நான் பேர் போன ஆள். குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் ஒரு ஐடிஐயில் பிட்டர் டிரேடு, அதாவது இரும்பை அராவிப் பொருத்தும் தொழிலுக்கு இன்ஸ்ட்ரக்டர். எந்த ஐடிஐ என்று கேட்காதீர்கள், மாதம் பிறந்தால் அங்கேதான் சம்பளம் வாங்க வேண்டும்.

குலசேகரம் பக்கத்துப் பையன் ஒருவன். முதல் பீரியடில் தினமும் தலை சாய்ந்துவிடும். மூன்று நாள் வெளியே நிறுத்தினேன். நாலாவது நாள் நான் வாயைத் திறப்பதற்குள் அவனாகவே எழுந்து போய் வராந்தாவில் நின்றுகொண்டான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இடைவேளையில் கூப்பிட்டு விசாரித்தேன்.

"பால் வெட்டிட்டு வாறேன் சாரே."

அப்பாவுக்கு முதுகுவலி. விடியுமுன் நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, மரப்பட்டையைக் கத்தியால் சீவிப் பால் எடுக்க ரப்பர் தோட்டத்துக்குள் இறங்குகிறான். வெயில் ஏறினால் பால் வரத்து குறைந்துவிடும், ஆகவே நேரத்தை மாற்றவும் வழியில்லை. சிரட்டையில் விழுந்த பாலை எடுக்கும் வேலையை அம்மாவிடம் விட்டுவிட்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிறான். இவனைத்தான் நான் சோம்பேறி என்று நினைத்திருந்தேன்.

அந்த வாரம் நடந்துகொண்டிருந்த பாடம் வெர்னியர் காலிப்பர், தடிமனை நுணுக்கமாக அளக்கும் கருவி. மெயின் ஸ்கேலில் 49 மில்லிமீட்டர், வெர்னியரில் அதை 50 பாகமாகப் பிரித்திருக்கிறது, ஆகவே லீஸ்ட் கவுண்ட், அதாவது அதில் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு, 0.02 மில்லிமீட்டர். போர்டில் எத்தனை முறை எழுதினாலும் பாதிப் பேருக்கு ஏறாது. ஏன் ஏற வேண்டும்? 0.02 என்பது அவர்கள் வாழ்க்கையில் எங்கே வருகிறது?

அந்தப் பையனிடம் சொன்னேன், "மக்கா, நாளைக்குப் பால் வெட்டும்போது விழுகிற பட்டைச் சீவல் பத்து எடுத்துட்டு வா. காய விடாதே, சுருங்கிப் போகும்." பிளாஸ்டிக் கவரில் ஈரத்தோடு கொண்டு வந்தான். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். காலிப்பரை அவன் கையிலேயே கொடுத்துத் தடிமனை அளக்கச் சொன்னேன். முதல் சீவல் 1.34 மில்லிமீட்டர். அடுத்தது 1.42. ஒன்று மட்டும் 2.10. "இது எப்படி?" என்றேன். "கத்திக்கு மூர்ச்சை போயிருந்து சாரே" என்றான். மூர்ச்சை என்றால் எங்கள் பக்கத்தில் கூர்மை. பட்டை ஒவ்வொரு வெட்டுக்கும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் மரம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்றும், கத்தி ஆழமாக இறங்கிப் பட்டைக்கு உள்ளே இருக்கும் தடியில் பட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும் என்றும் வகுப்புக்கு விளக்கினான். இருட்டில், தலை லைட்டில், கையால் மட்டும் அந்த அளவில் நின்றிருக்கிறான். அளவு இவ்வளவுதான் கூடலாம், குறையலாம் என்கிற அந்த வரம்புக்குப் பெயர் டாலரன்ஸ் என்று மட்டும் நான் சொன்னேன். மற்ற பாடத்தை அவன்தான் நடத்தினான்.

முந்தைய பேட்சுகளுக்கு இரண்டு வாரம் இழுத்த பாடம் அந்த பேட்சுக்கு மூன்று நாளில் முடிந்தது. "இப்படி விளையாட்டுக் காட்டினால் சிலபஸ் எப்போ முடியும்?" என்று கேட்ட சக இன்ஸ்ட்ரக்டருக்கு இதைத்தான் பதிலாகச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

நம் மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். பெருமைதான். ஆனால் வீட்டுக்கு வீடு டிகிரி இருக்கிற ஊரில் ஐடிஐக்குப் போகிற பையன், தோற்றவன் என்ற முத்திரையோடுதான் உள்ளே வருகிறான். பிளஸ் டூவில் என்ன மார்க் என்று கேட்டால் தரையைப் பார்ப்பான். அவனிடம் போய் "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஆரம்பிக்கிற வாத்தியார், ஊர் ஏற்கனவே சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறார். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: அவன் கைக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று முதலில் கண்டுபிடிப்பது, பாடத்தை அங்கிருந்து தொடங்குவது.

குளச்சல் பக்கத்துப் பையனுக்குப் படகு இன்ஜினைக் கழற்றி மாட்டத் தெரியும், ஆனால் பாகங்களின் பெயர் தெரியாது. வகுப்பில் அவனைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூன், ஜூலையில் பார்க்கலாம். மேற்குக் கரையில் விசைப்படகுக்குத் தடைக்காலம். மற்ற மாதங்களில் வருகைப்பதிவு ஆட்டம் காணும். 80 சதவீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்ற விதியைச் சொல்லி மிரட்டுவதைவிட, வாரா வாரம் எத்தனை நாள் கையில் மிச்சம் இருக்கிறது என்று அவனோடு உட்கார்ந்து கணக்குப் போடுவது பலன் தருகிறது. அரசு கொடுக்கும் உதவித்தொகையும் பஸ் பாஸும் நிச்சயம் உதவிதான். ஆனால் ஒருநாள் கடலுக்குப் போனால் கிடைக்கும் காசோடு அது போட்டி போட முடியாது.

அப்புறம் தவறைச் சொல்லும் விதம். முன்பெல்லாம் ஜாப்களை, அதாவது அவர்கள் அராவிச் செய்த இரும்புத் துண்டுகளை, மொத்தமாக வாங்கி வைத்து வெள்ளிக்கிழமை மார்க் போடுவேன். திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கும்போது எங்கே தப்பு செய்தோம் என்று அவனுக்கே மறந்திருக்கும். இப்போது இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் பக்கத்திலேயே போய் நிற்கிறேன். அரம் பிடிக்கும்போது முழங்கை மேலும் கீழும் ஆடினால் இரும்பின் நடுவில் முதுகு போல மேடு விழும். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். டிரை ஸ்கொயரை (நேர் விளிம்புள்ள மூலைமட்டம்) ஜாப் மேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கச் சொல்வேன். "வெளிச்சம் எங்கே தெரியுது?" இரண்டு ஓரத்திலும் கீற்றாக ஒளி வரும். அவனே கண்டுபிடிப்பான், அவனே திரும்ப அரத்தை எடுப்பான். சிலருக்குத் தாங்கள் நின்று அரம் பிடிக்கும் நிலையையே போனில் வீடியோ எடுத்துக் காட்டுகிறேன். போனை முழுக்கத் தடை செய்ய வேண்டும் என்பவர்கள் என்னை மன்னிக்கவும்.

நான் பயிற்சிக் காலத்தில் கெடுத்த ஜாப் ஒன்று இன்னும் என் டிராயரில் கிடக்கிறது. முதல் வாரத்திலேயே எடுத்துக் காட்டிவிடுவேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அதற்கப்புறம்தான் கெட்டுப்போன ஜாப்பை ஒளித்து வைக்காமல் கொண்டு வந்து காட்டுகிறார்கள்.

விட்டுக்கொடுக்காத விஷயமும் உண்டு. கிரைண்டிங் வீல் முன்னால் கண்ணாடி போடாமல் நின்றால் அன்றைக்குப் பிராக்டிகல் கிடையாது, அழுதாலும் கிடையாது. தியரி பரீட்சை இப்போது கம்ப்யூட்டரில். அதற்குக் கேள்விகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பழகத்தான் வேண்டும், பட்டைச் சீவல் அங்கே உதவாது.

குலசேகரம் பையன் இப்போதும் முதல் பீரியடில் சில நாள் தூங்குகிறான். தூக்கம் கூடிய நாளில் அவனைச் சுழலும் மெஷின் பக்கம் விடுவதில்லை, அரம் மட்டும்தான். முதல் பீரியடில் தியரியை எடுத்துவிட்டுப் பிராக்டிகல் வையுங்கள், நின்று வேலை செய்கிறவனுக்குத் தூக்கம் வராது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தாள் மூன்று வாரமாக பிரின்சிபால் மேஜையில் இருக்கிறது.