சாண்டர்ஸையும் பின்னாக்கையும் சங்கம் நீக்கவில்லை

"கடவுள் ரிஸ்க் எடுக்கிறார் என்று எழுதிய ஜான் சாண்டர்ஸையும், அவரோடு கிளார்க் பின்னாக்கையும் அமெரிக்காவின் சுவிசேஷ இறையியல் சங்கம் 2003-இல் வெளியேற்றியது" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. இருவரும், எதிர்காலம் முழுவதும் முன்கூட்டியே தீர்மானமாகிவிடவில்லை என்னும் 'திறந்த இறையியல்' (open theism) கருத்தைச் சொன்ன கிறிஸ்தவ இறையியலாளர்கள். அவர்கள் மேல் புகார் வந்தது உண்மை, கொடுத்தவர் சங்கத்தின் நிறுவன உறுப்பினர்களில் ஒருவரான ராஜர் நிக்கோல். ஆனால் நவம்பரில் அட்லாண்டாவில் நடந்த வாக்கெடுப்பில் ஒருவரை நீக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், சாண்டர்ஸுக்கு எதிராக விழுந்தது சுமார் 63 சதவீதம்தான், கொஞ்சத்தில் தப்பினார். பின்னாக்குக்குப் பெரும்பான்மையே ஆதரவு. தன் புத்தகத்தின் அடிக்குறிப்பு ஒன்றைத் திருத்த அவர் சம்மதித்திருந்தார்.

சாண்டர்ஸ் பிறகு ஹண்டிங்டன் கல்லூரி வேலையை இழந்தார், அது வேறு கதை. ரெண்டையும் சேர்த்துக் குழப்பியிருக்கலாம்.

சரி, இவர்களைப் பற்றிச் சொல்லப்படும் "கடவுளுக்கு எல்லாம் தெரியாது என்கிறார்கள்" என்பது? அதுவும் அரைகுறை. தெரியக்கூடியது அத்தனையும் அவருக்குத் தெரியும், மனிதர் சுதந்திரமாக எடுக்கப்போகும் முடிவுகள் இன்னும் தீர்மானமாகவில்லை, இப்படியொரு உலகத்தைத் தேர்ந்தெடுத்ததே அவருடைய சித்தம் என்பதுதான் அவர்கள் வாதம். ஈசாக்கைப் பலியிடப் போன ஆபிரகாமிடம் கடவுளின் தூதர் வழியாக "இப்பொழுது அறிந்திருக்கிறேன்" என்று வரும் பைபிள் வசனமான ஆதியாகமம் 22:12-ஐ அவர்கள் நேரடியாக எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்று நம்பும் கால்வினிஸ்டுகளோ அது நமக்குப் புரிவதற்கான மனித மொழி என்கிறார்கள்.